யாருக்காக ஆடின அந்தக் கால்கள்?

குழந்தைகளுக்குத் தாளத்தோடு உடற்பயிற்சி அளிப்பது மேனாட்டார் நேற்றுக் கண்டுபிடித்துத் தந்த புதுமை என்று நம் நகரத்துப் பெற்றோர் சிலர் எண்ணுகின்றனர். ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் எனப்படும் தாளலய உடற்பயிற்சி, போட்டி விளையாட்டு என்ற அளவில், இருபதாம் நூற்றாண்டின் குழந்தைதான். லெனின்கிராட் நகரின் லெஸ்காஃப்ட் உடற்கலாசாலையில் 1934-ல் கலையியக்கத்திற்கென ஓர் உயர்பள்ளி தோன்றிய பின்னரே அது ஒழுங்கான வடிவம் பெற்றது. 1963-ல் புடாபெஸ்ட் நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அதற்கு இடம் கிடைத்தது. அதை வளர்த்தெடுத்த சோவியத் நாடோ அவ்வாண்டு ஒலிம்பிக்கையே பகிஷ்கரித்துவிட, கனடாவின் லோரி ஃபுங் தங்கப் பதக்கம் பெற்றார். ஆனால் தாளத்துக்கு இசைய உடலை வளைப்பதும், கையில் ஒரு கருவியைச் சுழற்றியபடி ஆடுவதும் கண்டி மலைகளுக்கு அதனினும் மிக முந்திய பழக்கங்கள். அங்கே ஆடியவர்கள் யாருடைய பிள்ளைகள், யாருக்காக ஆடினார்கள் என்பதையே நாம் இங்கு ஆராய விரும்புகிறோம்.

கண்டி நகருக்கு அண்மையிலுள்ள நித்தவெல, அமுனுகம போன்ற ஊர்கள் நடனக் கலைஞர்களின் ஊர்களாகப் பெயர் பெற்றவை. அங்கே தந்தையோ மாமனோ குருவாக அமைய, சிறுவன் பால்யத்திலேயே பயிற்சிக்கு வந்தான். முதற்பாடம் நிற்பது. முழங்கால்களை இருபுறமும் விரித்து மடக்கி, முதுகை நிமிர்த்தி நிற்கும் அந்நிலைக்கு ‘மண்டிய’ என்று பெயர். நம் பரதத்தின் அரைமண்டியை அறிந்தவர்க்கு விளக்கம் வேண்டா. பின்னர் ‘பா சரம்ப’ என்னும் பன்னிரண்டு காலடிப் பயிற்சிகள். அவை கைவந்தபின் உடல் முழுவதையும் ஈடுபடுத்தும் ‘கொட சரம்ப’ பயிற்சிகள். தத், ஜித், தொங், நங் என்று வாய் சொல்ல, கால் நடக்கும். அவர்களுடைய ‘உடெக்கி’யில் நம் உடுக்கையும், பதினெட்டு ‘வன்னம்’களில் நம் வண்ணமும் ஒலிப்பதை, மலைநாட்டுக் கலைக்கு இனவேலி கட்ட விரும்புவோர் சற்றுக் கேட்க வேண்டும்.

கருவிகளைப் பாருங்கள். இன்றைய போட்டியில் வளையம், பந்து, கதை போன்ற இரு கட்டைகள், ஆறு மீட்டர் நீளமான நாடா என்பவை கையாளப்படுகின்றன. கண்டி ஆட்டக்காரன் சிறு தாளங்கள் கோத்த ‘பந்தேரு’ என்னும் உலோக வளையத்தை ஏந்தி ஆடுகிறான்; ‘லீ கெளி’யில் கோல்களை அடித்து ஆடுகிறான்; பெரஹராவில் ரபானை விரல் நுனியில் சுழற்றுகிறான். தோட்டத்துப் பெண்பிள்ளைகள் அறிந்த கோலாட்டமும், மேலே கட்டிய கயிறுகளைப் பின்னிப் பிரிக்கும் பின்னல் கோலாட்டமும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. கண்ணும் கையும் காலும் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும் என்ற தேவை எல்லா மக்களுக்கும் பொதுவானது.

இத்தனை நுட்பமான பயிற்சிக்கு அச்சிறுவன் பெற்ற கூலி என்ன? ஆடியவர்களும் பறை முழக்கியவர்களும் ‘பெரவா’ எனப்பட்ட தாழ்த்தப்பட்ட சாதியார். அரசனுக்கோ விகாரைக்கோ தேவாலயத்துக்கோ ஆடுவதும் முழக்குவதும் அவர்கள் உழுத நிலத்துக்கு ஈடான ஊழியம். ஊழியம் தவறினால் நிலம் போகும். 1832-ல் ஆங்கிலேயர் இராஜகாரியத்தை ஒழித்தார்கள் என்று பாடநூல்கள் பெருமையாகச் சொல்கின்றன. ஆலய நிலங்களின் ஊழியம் அதனால் ஒழியவில்லை. 1870-ம் ஆண்டுச் சட்டம் அந்த ஊழியத்தைப் பணமாகச் செலுத்தவும் வழி செய்தது, அவ்வளவே. நம்மவரிடையே பறை முழக்கியவனுக்கு நேர்ந்ததும் இதுதானே! 1880-களில் ஹாம்பர்க் வியாபாரி கார்ல் ஹாகன்பெக் கண்டி ஆட்டக்காரரை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்று யானைகளோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்தான். கலையைப் போற்றுவோரும் கலைஞனைப் போற்றத் துணியாத காலம் அது. பெண்பிள்ளைகளுக்கோ அந்த ஆட்டமே விலக்கப்பட்டிருந்தது. 1940-களில் சந்திரலேகா ‘வெஸ்’ முடி அணிந்து ஆடியதும், பின்னர் வஜிரா பெண்களுக்குரிய ஆடல்முறையை வகுத்ததும் அவ்வேலியை உடைத்த செயல்கள். அக்காலம் தொட்டே சிங்களப் பாடசாலைகளில் நடனம் பாடமாகப் பரவலாயிற்று. சாதி விலங்கு பூட்டிய கலையைச் சகல சாதிப் பிள்ளைகளும் கற்கலாயினர்.

ஆங்கிலப் பாடசாலைகளில் வேறொரு தாளம் கேட்டது: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு! சுவீடனின் லிங் வகுத்த முறையைத் தழுவி 1909-ல் பிரிட்டிஷ் கல்விச் சபை வெளியிட்ட பாடத்திட்டத்தின் சாயலில், பிள்ளைகள் வரிசையாக நின்று கை நீட்டி மடக்கினர். ‘டிரில்’ உடலுக்குக் கேடு என்று யாரும் கூறார். ஆனால் கட்டளைக்கு அசையப் பழகும் உடலுக்கும், தாளத்தை உள்வாங்கித் தானே அசையும் உடலுக்கும் வேற்றுமை உண்டு.

தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த டிரில்லும் அரிது. கண்டிக்கு அருகேயுள்ள லூல்கந்துரவில் 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதிலிருந்து மலையெங்கும் பச்சை பரந்தது. லயத்துக்கு முன்னே விளையாட ஒரு சமதரை மட்டும் கிடைக்கவில்லை. 1927-ம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமின்றிக் குழந்தைக்கும் தனிக் கூலி குறிக்க வகை செய்தது என்றால், குழந்தையின் உடல் எதற்கென்று கருதப்பட்டது என்பது விளங்கும். 1945-ல் வந்த இலவசக் கல்வியின் முழுப்பயனும் தோட்டத்தை எட்டவில்லை; 1948-ன் சட்டம் குடியுரிமையையும் பறித்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பெருமளவில் பொறுப்பேற்றது 1977-க்குப் பிறகே. இவ்வளவுக்கிடையிலும் மாசியில் காமன் கூத்துக்குத் தப்பு முழங்கியது. சிறுவர்கள் பெரியவர்களின் அடியைப் பார்த்துக் கால் பழகினர்.

தாளப் பயிற்சியின் பயனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளரும் வயதில் குதித்தும் தாவியும் ஆடும் பிள்ளையின் எலும்பு உறுதிப்படுகிறது. எறிந்த கோலைப் பார்த்துப் பிடிப்பதால் கண்ணும் கையும் இணங்குகின்றன. இடக்கையும் வேலை கற்கிறது. ஐவர் சேர்ந்து கருவிகளை மாற்றி எறிந்து பிடிக்கும் குழு ஆட்டத்தில் ஒருவர் தவறினால் ஐவரும் தவறுகின்றனர். தோழமையை இதைவிட எளிதாகக் கற்பிக்கும் பாடம் வகுப்பறையில் இல்லை. ஐந்து முதல் பதினேழு வயதுவரை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடல் உழைத்து இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. பதக்க வெறி புகுந்தால் இதே பயிற்சி கொடுமையாகிறது: சிறுமிகளைப் பட்டினி போட்டு மெலியவைப்பதும், முதுகெலும்பை அளவுமீறி வளைத்துக் காயப்படுத்துவதும் பல நாடுகளில் வெளிச்சத்துக்கு வந்துள்ளன.

போட்டிக்கு 13 மீட்டர் சதுரமான விரிப்பும், நாடா எறிய உயர்ந்த கூரையும் வேண்டும். மலைச்சரிவில் தொங்கும் பாடசாலைக்கு அவை எங்கே! கோலாட்டத்துக்கு இரண்டு கோல்களும் காலூன்றத் தரையும் போதும். சிங்கள மொழிப் பாடசாலை கண்டி நடனத்தையும் தமிழ் மொழிப் பாடசாலை பரதத்தையும் பாடமாகக் கொண்டிருக்க, கும்மியும் தப்பாட்டமும் விழா மேடையில் மட்டும் தலைகாட்டுகின்றன. கண்டிப் பகுதியின் ஆசிரியர்கள் வாரத்தில் சில நாட்களேனும் காலை அரைமணி நேரத்தை, பரீட்சைக்கும் பரிசுக்கும் அப்பால், இவற்றுக்கு ஒதுக்கினால் முதலில் வந்து நிற்கப் போவது எந்தப் பிள்ளைகள் என்பதை அவர்களே அறிவர். கயிறு கட்ட மரக்கிளை இல்லாத பாடசாலை அந்த மலையில் ஏது?