வெள்ளி இரயிலின் கதை



வேகத்தைப் பற்றிய பாடத்தின்போது மாணவன் ஒருவன், "நிலக்கரி போட்டு ஓடிய இரயில் மெதுவாகத்தானே போயிருக்கும்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன கதையையே இங்கும் எழுதுகிறேன்.

1933-இல் செருமனியில் டீசலால் இயங்கிய விரைவு வண்டி ஒன்று பெர்லினுக்கும் ஹாம்பர்க்குக்கும் இடையே ஓடத் தொடங்கியது. உலகமே அதனை வியந்து நோக்கியது. இங்கிலாந்தின் இலண்டன் வடகிழக்கு இரயில்வேயில் தலைமை இயந்திரப் பொறியாளராக இருந்த நைஜல் கிரெஸ்லியோ, நீராவியே அதனை விஞ்சும் என நம்பினார். அந்நம்பிக்கையின் விளைவாக, 1935 செப்டம்பரில் டான்காஸ்டர் பட்டறையிலிருந்து 'சில்வர் லிங்க்' வெளிவந்தது. காற்றைக் கிழித்துச் செல்லும் ஆப்பு வடிவ முகமும் வெள்ளிச் சாம்பல் நிறமும் கொண்ட அதன் எண் 2509.

அது இழுத்த ஏழு பெட்டிகளும் வெள்ளி நிறத்தனவே. அடுத்தடுத்த பெட்டிகள் ஒரே சக்கரத் தொகுதியைப் பகிர்ந்துகொண்டமையால் எடை குறைந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ஆட்சி வெள்ளிவிழா நினைவாக இவ்வண்டிக்குச் 'சில்வர் ஜூபிலி' எனப் பெயரிட்டனர்.

செப்டம்பர் 27-ஆம் நாள் நடந்த வெள்ளோட்டத்தில் மணிக்கு 112.5 மைல், அதாவது ஏறத்தாழ 181 கிலோமீட்டர் வேகத்தை இருமுறை தொட்டது. மூன்று நாள் கழித்துப் பயணிகள் சேவை தொடங்கியது. நியூகாசிலில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு, 268 மைல் கடந்து, பிற்பகல் 2 மணிக்கு இலண்டன் சேரும். மாலை 5.30-க்கு மீண்டும் வடக்கு நோக்கிக் கிளம்பும். இடையில் நிற்பது டார்லிங்டனில் மட்டுமே. வேகம் மிகுந்தால் நிற்கும் தொலைவும் மிகும் அல்லவா? அதனால் இவ்வண்டிக்கு முன்னால் வழக்கத்தைவிட இருமடங்குப் பாதையைக் காலியாக வைத்தனர்.

முதல் இரண்டு வாரங்களும் உதவிக்கு வேறு இயந்திரம் இன்றி, வாரத்தில் ஐந்து நாளும் 'சில்வர் லிங்க்' ஒன்றே போக வர ஓடியது. நாளொன்றுக்கு 536 மைல்! அத்தனை தொலைவுக்கும் நிலக்கரியை அள்ளிப் போட்டவை மனிதக் கைகளே. பயணிகள் சாய்ந்து அமர்ந்து உணவு அருந்தியபோது, முன்னால் ஒருவர் அனலில் வெந்துகொண்டிருந்தார்.

1939 ஆகத்து இறுதியில், போர் மூளும் வேளையில், சேவை நின்றது. போருக்குப் பின் அப்பெயரில் வெள்ளி வண்டி ஓடவில்லை. பெட்டிகள் பிரிக்கப்பட்டன, அவற்றுள் சில, ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடலோர வண்டியில் உழைத்தன. இயந்திரமோ நீல நிறமும் பின்னர் வேறு நிறமும் பூண்டு, 1962 திசம்பர் வரை ஓடிற்று. 1963-இல் அதனை உடைத்துப் பழைய இரும்பாக்கினர்.

அதன் தங்கை 'மல்லார்ட்' 1938-இல் 126 மைல் வேகத்தை எட்டிச் சாதனை படைத்தது. இன்று யார்க் நகர அருங்காட்சியகத்தில் பெருமையுடன் நிற்கிறது. வழி திறந்த அக்காளுக்கு அவ்விடம் கிட்டவில்லை.

ஒருநாள் சாதனையை உலகம் நினைவில் வைக்கிறது; நாள்தோறும் தவறாமல் ஆற்றிய உழைப்பை எளிதில் மறக்கிறது. பரிசளிப்பு விழாவில் பெயர் வாசிக்கப்படாத பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் எனக்குச் 'சில்வர் லிங்க்' நினைவுக்கு வருகிறது.