கொடுத்த கையும் காத்த கையும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



நம் சங்கத்தின் பொன்விழா மலருக்காக நம்மவர்களின் தான தர்ம வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, நாங்கள் முதலில் சங்கத்தின் இரும்பு அலமாரியைத் திறந்து பார்த்தோம். பழைய ரசீதுப் புத்தகங்கள் இருந்தன. மய்யித்து நிதிக்குச் சந்தா கட்டியோர் பட்டியல் இருந்தது. நோன்புக் கஞ்சிக்கு யார் எந்த நாளை ஏற்றுக்கொண்டார்கள் என்ற குறிப்பும் இருந்தது. ஆனால் நடுவில் சில ஆண்டுகளுக்கு ஒரு தாளும் இல்லை. அந்த ஆண்டுகளிலும் கஞ்சி காய்ச்சினோம்; ஜனாஸா எடுத்தோம்; இல்லாதவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் புத்தகம் வாங்கிக் கொடுத்தோம். எங்களுக்கு அது நினைவிருக்கிறது. எங்களுக்குப் பிறகு யாருக்கு நினைவிருக்கும்? அந்தக் கவலையோடுதான் இதை எழுத உட்கார்ந்தோம்.

ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். பெக்கான் நானாஸ் என்றாலே அன்னாசிப் பட்டணம். பொந்தியான் மாவட்டத்தின் கறுத்த சதுப்பு மண்ணில் வேறு பயிர் தயங்கினாலும் அன்னாசி தயங்காது. தோட்டத்திலும் பழ ஆலையிலும் வேலை செய்தவர்களை நம்பித்தான் எங்கள் அத்தாமார்களின் மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் நடந்தன. வருமானம் பெரிதில்லை. அதில் ஒரு பங்கு ஊருக்குப் போகும். மீதியில் குடும்பம் நடக்கும். அதற்குள்ளும் எங்கள் உம்மாமார்கள் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே ஒரு டின்னில் போட்டு வைப்பார்கள். டின் நிறைந்ததும் அது ஒரு வீட்டுக்குப் போகும். எந்த வீட்டுக்கு என்று நாங்கள் கேட்கக் கூடாது. வலது கை கொடுப்பதை இடது கை அறியக் கூடாது என்ற போதனையை நாங்கள் மதரஸாவில் ஓதிப் படிப்பதற்கு முன்பே அடுக்களையில் கண்டுவிட்டோம்.

இந்தப் பழக்கம் இந்த மண்ணில் தோன்றியதல்ல. நம் முன்னோர் கொண்டுவந்தது. கீழக்கரை வள்ளல் சீதக்காதியை அறியாத தமிழ் முஸ்லிம் வீடு இல்லை. செய்கு அப்துல் காதிர் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 17ஆம் நூற்றாண்டின் பெருவணிகர். அடக்கமான பிறகும் ஒரு புலவருக்குக் கை நீட்டி மோதிரம் கொடுத்தார் என்று கதை சொல்வார்கள். கதை இருக்கட்டும், நடந்ததைப் பாருங்கள். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் துணை நின்றவர் சீதக்காதி. காவியம் முற்றுப்பெறும் முன்பே அவர் மறைந்துவிட்டார். அந்தப் பொறுப்பைப் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஏற்றுக்கொண்டார். அதனால்தான் அந்த நூல் இன்று நம் கையில் இருக்கிறது. கொடுத்தவர் ஒருவர், விட்ட இடத்தில் எடுத்துக் காத்தவர் இன்னொருவர். முதல்வரின் பெயர் பழமொழியாயிற்று. இரண்டாமவரின் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

மார்க்கத்தில் கொடுக்கும் வழி ஒன்றல்ல. ஜகாத் கடமை: 85 கிராம் தங்கத்தின் மதிப்பை எட்டிய சேமிப்பு ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்தால், நாற்பதில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை விழுக்காடு. அது யாருக்குச் சேர வேண்டும் என்பதையும் குர்ஆன் எட்டு வகையாகச் சொல்லிவிட்டது. சதகா மனம் விரும்பிக் கொடுப்பது, அதற்கு அளவில்லை. வக்ஃபு என்பது பொருளை நிறுத்தி வைத்து, அதன் பலனை மட்டும் கொடுப்பது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) கேட்டபோது, மூலத்தை வைத்துக்கொண்டு விளைச்சலைத் தர்மம் செய்யும்படி நபிகள் நாயகம் (ஸல்) வழிகாட்டினார்கள். அந்த நிலத்தை விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுக்குப் போகக் கூடாது என்பது நிபந்தனை. உமர் அவர்கள் அதை எழுதியும் வைத்தார்கள். தமக்குப் பிறகு பொறுப்பைத் தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பத்திரமும் உண்டு, பொறுப்பாளரும் உண்டு, அந்தப் பொறுப்பாளர் அடுத்த தலைமுறைப் பெண்மணி. இதை நாங்கள் பல பயான்களில் கேட்டிருக்கிறோம். நம் அலமாரியோடு சேர்த்து நினைத்துப் பார்த்தது இப்போதுதான்.

இந்த நாட்டில் நம்மவர் வக்ஃபுக்கு மூத்த சாட்சி பினாங்கு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி பள்ளிவாசலுக்காக 18 ஏக்கர் நிலம் கொடுத்தது. அன்றைய நம் சமூகத் தலைவர் காதர் முகைதீன் முன்னின்று பள்ளியை எழுப்பினார். நூறு ஆண்டுகளில் அந்த நிலத்தில் வீடுகள் நெருக்கியடித்து எழுந்தன. அறக்கட்டளைகளின் நிர்வாகம் சரியில்லை என்ற புகார் பெருகியது. கடைசியில் 1905இல் காலனி அரசு சட்டம் இயற்றி, முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளைக் கவனிக்க ஒரு வாரியத்தை அமைத்தது. நாம் கொடுத்த சொத்தை நாமே கணக்கோடு காக்க முடியாதபோது, அந்நியர் வந்து காக்க வேண்டியதாயிற்று. பள்ளிவாசல் இன்றும் கம்பீரமாக நிற்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த நூறு ஆண்டுகள் சொல்லும் பாடத்தை மறக்கக் கூடாது.

பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் இன்னொரு பாடம் இருக்கிறது. 1827இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கிய அல் அப்ரார் பள்ளிவாசலைக் 'குச்சுப் பள்ளி' என்றே நம்மவர்கள் அழைத்தார்கள். பணம் சேரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஓலை இருந்தது, தொழுகை தொடங்கியது. யுத்தம் முடிந்த மறுவருடம், 1946இல், சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. உழைத்துப் பிழைக்க வந்தவர்கள் கூடி நடத்திய பள்ளி அது. பின்னர் உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. மாணவர் குறைந்து 1982இல் மூடப்பட்டது. அது தோல்வியா? மறுவருடமே உமறுப் புலவர் பெயரில் தமிழ் மொழி நிலையம் ஒன்று தோன்றியது. இன்றும் அங்கே பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்கள். கட்டடம் போனாலும் எண்ணம் போகவில்லை, அதை எடுத்துக்கொள்ள ஆட்கள் இருந்ததால்.

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் மாவட்டத்துக் குக்குப்பில் 1878இல் சையத் முகமது அல்சகோஃப் பெரிய நிலப்பரப்பைப் பெற்றுத் தோட்டம் நடத்தினார். அங்கே புழங்கத் தம் சொந்த நோட்டையே அச்சிட்டவர். தோட்டமும் நோட்டும் இன்று வரலாறு. அவர் பெயரில் நிலைத்தது வக்ஃபும், அதன் வழியே 1912இல் சிங்கப்பூரில் எழுந்த மதரஸாவும்தான். அரபு வணிகராக இருந்தாலும் நம் மண்ணில் வாழ்ந்து காட்டிய பாடம் இது: ஆண்டு அனுபவித்தது போய்விடும், எழுதி ஒப்படைத்தது நிற்கும்.

இன்று ஜோகூரிலேயே வக்ஃபு புதிய உருவம் எடுத்திருக்கிறது. 1998 முதல் வக்ஃபு அன்-நூர் மருந்தகங்கள் எல்லா இனத்தவருக்கும் சொற்பக் கட்டணத்தில் மருத்துவம் பார்க்கின்றன. 2006இல் ஜோகூர் கார்ப்பரேஷன் 20 கோடி ரிங்கிட் மதிப்புள்ள கம்பெனிப் பங்குகளை வக்ஃபு ஆக்கியது. நிலமும் கிணறும் மட்டுமே வக்ஃபு என்று எண்ணி வளர்ந்த எங்களுக்கு இது வியப்பு. எங்கள் பிள்ளைகளுக்கு இது சாதாரணம்.

இங்கேதான் எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரசல். "இப்போதுள்ளவர்கள் சங்கத்துக்குக் கொடுப்பதில்லை" என்று நாங்கள் பல ஆண்டுகளாகக் குறைபட்டிருக்கிறோம். ஒரு கூட்டத்தில் இதையே சொன்னபோது, எங்கள் பேத்தி வயதுப் பெண் ஒருத்தி எழுந்தாள். "நன்னா, நாங்க கொடுக்காம இல்ல. ஜகாத்து சம்பளத்துலயே பிடிச்சு மாநில மன்றத்துக்குப் போயிருது. காஸாவுக்குக் கைப்பேசியிலயே அனுப்புறோம். உங்க ரசீதுப் புத்தகத்துல எங்க பேரு இல்ல, அவ்வளவுதான்" என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "கணக்கு கேட்டா மட்டும் உங்களுக்குக் கோபம் வருது" என்றும் சொன்னாள். கூட்டம் அமைதியாகிவிட்டது.

அவள் சொன்னது உண்மை. மலேசியாவில் ஜகாத் மாநிலச் சமய மன்றங்களின் பொறுப்பு. கட்டிய ஜகாத்தை வருமான வரியிலிருந்து கழித்துக்கொள்ளவும் முடியும். பிள்ளைகள் முறையாகச் செய்வதை நாங்கள் கஞ்சத்தனம் என்று பெயரிட்டோம். கணக்குக் கேட்டதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டோம். எங்கள் காலத்தில் கணக்கு என்றால் நம்பிக்கை. பொருளாளரின் முகத்தைப் பார்த்தால் போதும். அவர் மௌத்தானபோது கணக்கும் அவரோடு போய்விட்டது. அலமாரியில் உள்ள அந்த இடைவெளி அப்படி வந்ததுதான். யாரும் ஒரு காசும் எடுக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அதை நிரூபிக்க எங்களிடம் தாள் இல்லை.

பிள்ளைகளுக்கும் எங்களுக்கு ஒரு சொல் உண்டு. பணத்தைக் கைப்பேசியில் அனுப்பலாம். மய்யித்தைக் கைப்பேசியில் குளிப்பாட்ட முடியாது. நடு இரவில் ஒரு வீட்டில் மௌத்து என்று செய்தி வந்தால், கபன் துணி வெட்டவும் தண்ணீர் மொண்டு ஊற்றவும் கை வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் நம்மில் இன்று விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள், எல்லோருக்கும் வயதாகிவிட்டது. பெண்களில் இன்னும் குறைவு. பக்கத்து வீட்டில் அரிசி இல்லை என்பதும் எந்தத் திரையிலும் தெரியாது. அது அடுக்களைப் பக்கம் போய் வருபவருக்குத்தான் தெரியும்.

ஆகவே இந்தப் பொன்விழாவில் ஓர் ஒப்பந்தத்தை முன்வைக்கிறோம். கணக்கைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளட்டும். ஆண்டுதோறும் எழுதி, எல்லா வீட்டுக்கும் அனுப்பட்டும். அதில் மகன்களோடு மகள்களும் பொறுப்பேற்கட்டும். ஹஃப்ஸா நாயகியின் முன்மாதிரி இருக்க நமக்கு என்ன தயக்கம்? பதிலுக்கு, பெரியவர் ஒவ்வொருவரும் ஓர் இளையவருக்கு ஜனாஸா வேலை கற்றுக்கொடுப்போம். எந்த வீட்டுக்கு எப்படி உதவுவது, உதவி பெறுபவர் தலைகுனியாமல் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதையும் சொல்லிக்கொடுப்போம். பெறுபவரின் பெயர் ரகசியமாகவே இருக்கும். தொகை ரகசியமாக இருக்காது.

அன்னாசி விளையும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழத்தைப் பறித்ததோடு யாரும் தோட்டத்தை விட்டுவிடுவதில்லை. பக்கக் கன்றைப் பிரித்து நட்டால்தான் அடுத்த விளைச்சல். ஐம்பது ஆண்டுகள் பழம் பறித்தாயிற்று.

மனிதன் மரித்த பிறகும் அவனுக்குப் பலன் தருபவை மூன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) சொல்லியிருக்கிறார்கள்: நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, துஆ செய்யும் நல்ல பிள்ளை. மூன்றுமே நம்மைக் கடந்து இன்னொருவர் கையில் இருப்பவை. இந்தச் சங்கத்துக்குக் கைப்பிடி அரிசி முதல் கைப்பொருள் வரை கொடுத்து மறைந்த எங்கள் பெற்றோரின் கப்ருகளை அல்லாஹ் விசாலமாக்குவானாக. அவர்கள் கொடுத்ததைக் காக்கும் கைகளை நம் பிள்ளைகளிலிருந்தே எழுப்புவானாக. ஆமீன்.