பம்பரம் காத்த விமானம்

1914ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18ஆம் நாள். பாரிசு நகரை அடுத்த பெசோன் என்னுமிடத்தில், சேன் நதிக்கரையில் சனங்கள் திரண்டு நின்றனர். விமானப் பயணத்தின் ஆபத்தைக் குறைக்கவல்ல சாதனங்களுக்கான போட்டியொன்று அங்கே நடைபெற்றது. நதியின் மேலாகத் தாழப் பறந்து வந்தது ஒரு கடல்விமானம். அதனைச் செலுத்தியவர் லோரன்ஸ் ஸ்பெரி என்னும் இருபத்தொரு வயது அமெரிக்க இளைஞர். செலுத்தியவர் என்பதும் பொருந்தாது. ஏனெனில் அவர் தம் இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு, அவருடைய உதவியாளரான எமில் கஷான் என்னும் பொறித்தொழிலாளி ஆசனத்தை விட்டெழுந்து இறக்கையின்மீது நடந்து சென்றார். அப்பாரத்தால் விமானம் ஒருபுறம் சரிந்து நதியில் வீழ்ந்திருக்க வேண்டும். ஆனால் இறக்கை கணப்போது தாழ்ந்து, பின் தானே நிமிர்ந்துகொண்டது. லோரன்சுக்கு ஐம்பதினாயிரம் பிராங்கு பரிசு கிடைத்தது.

கைவிட்ட விமானத்தைக் காத்தவை நான்கு பம்பரங்கள். வேகமாய்ச் சுழலும் பம்பரம் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றாது என்பதைச் சிறுவரும் அறிவர். அந்தக் குணத்தைக் கொண்டு பூமியின் சுழற்சியைக் காட்ட முயன்ற பூக்கோ என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி, 1852இல் தம் கருவிக்கு ‘ஜைரொஸ்கோப்’ என்று பெயரிட்டார். சுழற்சியைக் காண்பது என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். லோரன்சின் தந்தை எல்மர் ஸ்பெரி அதனைக் கப்பலுக்குரிய திசைகாட்டியாக்கினார்; மகன் வானத்துக்குக் கொண்டு சென்றார். விமானம் சாய்ந்தாலும் உள்ளிருக்கும் பம்பரத்தின் அச்சுச் சாயாது. இவ்விரண்டுக்கும் இடையே உண்டாகும் கோணமே பிழையின் அளவு. அதைக் கண்டதும் சுக்கான்கள் எதிர்ப்புறம் திரும்பின.

நற்பயனுக்கென்று பிறந்த அச்சாதனத்தைப் போர் விட்டுவைக்கவில்லை. முதலாம் உலக யுத்தத்தின்போதே ஸ்பெரி குடும்பத்தார், ஆளின்றிப் பறந்து இலக்கில் வீழும் வெடி விமானத்தைப் பரீட்சித்தனர். ஆளில்லா விமானத்தின் பிறப்பு அவ்வாறிருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. லோரன்ஸ் 1923 டிசம்பரில் தமது சிறு விமானமொன்றில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் புறப்பட்டு உயிரிழந்தார்.

இன்று ‘ட்ரோன்’ என்று வழங்கும் நான்கு சுழலிகளுடைய வானூர்திக்கும் நீண்ட சரித்திரமுண்டு. 1907இல் பிரான்சின் டூவே நகரில் பிரெகே சகோதரர்கள் அத்தகைய யந்திரமொன்றை நிலத்தினின்றும் சிறிது எழுப்பினர். அதனை நிலைநிறுத்தக் கருவியெதுவும் இல்லாமையால், நான்கு மூலைகளிலும் நான்கு ஆட்கள் நின்று தாங்க வேண்டியிருந்தது. 1922இல் அமெரிக்காவில் டி பொதேசா என்பவர் அமைத்த யந்திரம் தானே எழுந்து பறந்ததாயினும், அதன் சிக்கல் கண்டு இராணுவம் கைவிட்டது. இவ்வகை ஊர்திக்கு இயற்கையான நிலைபேறு இல்லை. கணந்தோறும் நான்கு சுழலிகளின் வலிமையையும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மனிதக் கை அவ்வளவு விரைவுடையதன்று. அக்காலக் கருவிகளோ பாரமானவை. 1953இல் மசச்சூசெற்சிலிருந்து லொஸ் ஏஞ்சலிசு வரை, வெளிக்குறிகள் எவற்றையும் நோக்காது விமானத்தை வழிநடத்திய பேராசிரியர் டிரேப்பரின் கருவித்தொகுதி ஒரு தொன்னுக்கும் மேற்பட்ட நிறையுடையது.

சிலிக்கன் என்னும் மூலகம் இந்நிலையை மாற்றிற்று. மோட்டார் வாகனங்களின் பாதுகாப்புக் காற்றுப்பைகளுக்காகவும், பின்னர் கைத்தொலைபேசிகளுக்காகவும், மிகச் சிறிய உணரிகள் மலிவாக ஆக்கப்பட்டன. இவற்றிற் பம்பரமே இல்லை என்பது வியப்புக்குரியது. நுண்ணிய சிலிக்கன் துண்டொன்று இடைவிடாது அதிர்கிறது. ஊர்தி திரும்பும்போது அவ்வதிர்வு பக்கவாட்டில் விலகுகிறது. கொரியோலிசு என்னும் பிரெஞ்சு அறிஞர் 1835இல் விளக்கிய விளைவே இது. அவ்விலகலை மின் அளவாக மாற்றித் திரும்பும் வேகத்தை அறிகின்றனர்.

காற்று மோதி ட்ரோனின் ஒரு கை தாழ்ந்தால், உணரி அதனை உடனே அறிவிக்கிறது. உள்ளிருக்கும் சிறு கணிப்பொறி அந்தப் பக்கத்துச் சுழலியை விரைவாக்கி, எதிர்ப்பக்கத்ததைத் தளர்த்துகிறது. வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை இத்திருத்தம் நிகழ்வதால், பார்ப்பவர் கண்ணுக்கு அது அசையாது நிற்பதுபோல் தோன்றுகிறது.

எனினும் இந்த உணரி ஒன்றை மட்டும் நம்புதல் தகாது. வேகத்தைக் கூட்டிக் கூட்டியே அது சாய்வைக் கணக்கிடுவதால், சிறு பிழைகளும் கூடிக் கடன்மேல் வட்டிபோல் வளர்கின்றன. ஆதலின் ஆர்முடுகலை அளக்கும் இன்னோர் உணரியும் துணையாக வைக்கப்படுகிறது. அது புவியீர்ப்பின் திசையைக் கொண்டு ‘கீழே’ எது என்று கூறும். ஆனால் அதுவும் ஏமாறக்கூடியதே. கண்ணை மூடிப் பஸ்ஸில் இருப்பவருக்கு, அது திடீரென நிற்கும்போது ஆசனமே முன்சாய்ந்ததுபோலத் தோன்றுமல்லவா? அவ்வாறே ட்ரோன் விரையும்போதும் அதிரும்போதும் இவ்வுணரி தடுமாறும். ஆகவே கணப்பொழுது மாற்றங்களுக்கு முன்னதையும், நீடித்த நிலைக்குப் பின்னதையும் நம்பி, இரண்டின் சாட்சியத்தையும் கலந்தே கணிப்பொறி தீர்ப்பளிக்கிறது. வடக்கு எது என்பதை இவ்விரண்டும் சொல்லா. அதற்குக் காந்த உணரி வேண்டும். எங்கே நிற்கிறோம் என்பதை வெளியில் செய்மதிகள் சொல்லுகின்றன.

பறக்குமுன் ட்ரோனைச் சமதரையிற் சற்றுநேரம் அசையாது வைக்குமாறு கூறுவதன் காரணமும் இங்கேதான் உளது. அந்தச் சில கணங்களில் உணரிகள் தம் பூச்சியத்தை அறிந்துகொள்ளுகின்றன. பொறுமையின்றிக் கையில் அசைத்தபடி மின்னூட்டினால், அசைவையே அசைவின்மை என்று அவை பதிந்துகொள்ளக்கூடும். பின்பு வானிலே நேராக நிற்பதாக எண்ணிக்கொண்டு மெல்ல மெல்லச் சாய்ந்து செல்லும்.