லேபிள் ஐபிசெக்: எஸ்இலினக்ஸ் மறுப்புகளைக் கண்டறிதல்

லினக்ஸ் கணினிகளுக்கிடையே ஓடும் குறியாக்க இணைப்பில் எஸ்இலினக்ஸ் பாதுகாப்பு லேபிளையும் பிணைக்கும் ஏற்பாடு லேபிள் ஐபிசெக். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் எஸ்இலினக்ஸை வெளியிட்டது. லேபிள் ஐபிசெக் 2006-இல் கெர்னலின் 2.6.16 பதிப்பில் சேர்ந்தது.

லேபிள் பாக்கெட்டுக்குள் பயணிப்பதில்லை. விசைப் பரிமாற்றத்துக்கான ஐகேஇ பேச்சுவார்த்தையில் இரு முனைகளும் அதை ஒப்புக்கொண்டு, தத்தம் பாதுகாப்பு இணைவில் பதிந்துகொள்கின்றன. பெறும் கணினி, பாக்கெட் எந்த இணைவின் வழியே வந்தது என்பதைக் கொண்டே அனுப்பிய செயல்முறையின் லேபிளை அறிகிறது. எனவே கோளாறின் தடயத்தை ஆடிட் பதிவிலும் ‘ஐபி எக்ஸ்ஃபிரேம் ஸ்டேட்’ கட்டளையின் வெளியீட்டிலும் தேட வேண்டும்.

மிகவும் ஏமாற்றுவது ‘போல்மேட்ச்’ அனுமதியின் மறுப்பு. ஒரு செயல்முறை ஐபிசெக் விதியைப் பயன்படுத்தலாமா என்பதை இந்த அனுமதி தீர்மானிக்கிறது. மறுக்கப்பட்டால் இணைப்பு அறுபடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் கெர்னல் அந்த விதி பொருந்தவில்லை என்று கருதி அடுத்ததைப் பார்க்கிறது. வேறு விதி எதுவும் பொருந்தாமல் போனால் பாக்கெட் குறியாக்கமின்றியே வெளியேறக்கூடும். பயன்பாடு தடையின்றி ஓடும். தரவு திறந்தபடி போகும்.

இணைவின் வழியே அனுப்புவதற்கான ‘சென்ட்டூ’ அனுமதியின் மறுப்பு இதைவிட வெளிப்படையானது. ஆனால் அதற்கு முன்பே ஒரு தடை உண்டு: செயல்முறையின் லேபிளும் இணைவின் லேபிளும் முழுமையாக ஒன்றாயிருக்க வேண்டும். லேபிளின் ஒரு பகுதியான டைப் ஒன்றாயிருந்து, மற்றொரு பகுதியான பாதுகாப்பு அடுக்கு மட்டும் வேறுபட்டாலும் கெர்னல் அந்த இணைவை ஒதுக்கிவிட்டுப் புதியது கேட்கும். எதிர்முனையின் கொள்கையில் அந்த டைப்பே இல்லையென்றால் லேபிளே செல்லாததாகிவிடும். அப்போது ஆடிட் பதிவில் மறுப்பு எதுவும் தென்படாது. ஐகேஇ சேவையின் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். ஆடிட் பதிவு மௌனமாயிருக்க இன்னொரு காரணம், மறுப்பைப் பதியாமல் விடச் சொல்லும் ‘டோன்ட்ஆடிட்’ விதிகள். ‘செமாட்யூல் -டிபி’ கட்டளை அவற்றைத் தற்காலிகமாக நீக்கும்.

பெறும் பக்கத்தில் ‘அன்லேபிள்டு_டி’ மீது ‘பியர் ரிசீவ்’ மறுப்பு வந்தால், பாக்கெட் லேபிளின்றி வந்திருக்கிறது என்று பொருள். ‘ஆடிட்2அலோ’ கருவி இதற்கு உடனே ஓர் அனுமதி விதியை நீட்டும். அதை ஏற்பது, ஐபிசெக்கைத் தவிர்த்து வந்த பாக்கெட்டுக்கும் கதவைத் திறந்துவிடுவதே. அந்த விதியைச் சேர்க்கும் முன், அனுப்பும் கணினியில் ‘டிசிபிடம்ப்’ ஓட்டி, பாக்கெட்டுகள் ஐபிசெக்கின் குறியாக்க உறையான இஎஸ்பியில் போகின்றனவா என்று பார்த்தே ஆக வேண்டும். லேபிளை மாற்றியபின் பழைய இணைவுகளை நீக்கிவிட்டே மறுபடி சோதிக்க வேண்டும். நீக்காவிட்டால் அவை தம் பழைய லேபிளுடனேயே நீடிக்கும்.