பக் வாங்கப் போறீங்களா? முதல்ல அது மூச்சு விடுறதைக் கேளுங்க

2003-ல் வந்த ஹட்ச் விளம்பரத்துக்குப் பிறகு நம்ம ஊர் வீடுகளில் பக் பெருகியது. ஆனால் அந்தச் சப்பை மூஞ்சிதான் அதற்குச் சிக்கலே. மண்டையோடு குறுகிப் போச்சு. தொண்டைக்குள் இருக்கும் மென்சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. மூக்குத் துளையும் சின்னது. விளைவு, 'போவாஸ்' என்ற மூச்சடைப்பு. 'குறட்டை விடுது, க்யூட்டா இருக்கு' என்கிறோமே, அது பல நேரம் நோயின் சத்தம். நாய்கள் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கும். அதனால் மே மாத வெயிலில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதற்கு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஒரு பரிசோதனை இருக்கு. டாக்டர் தொண்டையில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார். நாயை 3 நிமிடம் ஓடவிட்டு மறுபடியும் கேட்பார். கிரேடு 0 முதல் 3 வரை. 2 என்றாலே தொல்லை தொடங்கியாச்சு. 3 வந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது. பக் இனத்தைத் தாக்கும் மூளை அழற்சிக்கு மரபணுப் பரிசோதனை உண்டு. அது சொல்வது அபாயத்தின் அளவை மட்டும். நோய் வரும், வராது என்று உறுதி தராது.

கே.சி.ஐ. சான்றிதழ் வம்சாவளிக்கானது, ஆரோக்கியத்துக்கு அல்ல. தாய் நாயை நேரில் பாருங்க. கொஞ்சம் நடக்கவிட்டுக் காது கொடுங்க. 2017 மத்திய விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது.