கல்வராயன் மலையும் அரசும்

ஆத்தூர்ச் சமவெளியில் நின்று வடக்கே நோக்குவோர்க்குக் கல்வராயன் மலை நீல மதில்போல் தோன்றும். சிறுவனாய் இருந்தபோது அங்கிருந்து கடுக்காயும் சாமையும் சுமந்து சந்தைக்கு வருவோரைக் கண்டிருக்கிறேன். அவர்கள் ஜாகிர் ஆட்சிக்கு உட்பட்டவர்கள் என்பதை அன்று நான் அறியேன்.

1792இல் திப்பு சுல்தானோடு நேர்ந்த உடன்படிக்கையால் சேலம் நாடு கும்பினியார் கைக்கு வந்தது. கேப்டன் ரீடும் தாமஸ் மன்றோவும் சமவெளியை அளந்து, உழவரிடம் நேரே வரி பெறும் முறையை வகுத்தனர். கல்வராயன் மலையிலோ சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்னும் பெயர்களில் மூன்று ஜாகிர்கள் நிலைத்தன. தலைவரும் குடிகளும் மலையாளிகளே. கேரள நாட்டாரென்று மயங்கவேண்டா. தமிழ் பேசும் மலைவாழ் மக்கள் இவர்கள். காஞ்சியிலிருந்து வந்தோம் என்பது இவர்களது வழிவழிக் கதை.

அமெரிக்க நாட்டில் நிகழ்ந்ததொன்றை இங்கு ஒப்பிட்டுப் பார்ப்போம். 1868இல் ஷோஷோனி மக்களோடு செய்த உடன்படிக்கையால் விண்ட் ரிவர்ப் பகுதி அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து, அவர்களது இசைவைப் பெறாமலே, அராபகோ மக்களையும் அங்கே குடியேற்றினர். வயோமிங் மாநிலம் தோன்றியதோ 1890இல். ஆற்றுநீர் எவர்க்கு முதலில் என்று அம்மாநிலம் வழக்காடியபோது, 1868ஆம் ஆண்டின் அந்த ஏடே பழங்குடியினர்க்குத் துணைநின்றது. அவர்களது முன்னுரிமை 1989இல் உச்ச நீதிமன்றத்திலும் நிலைபெற்றது. ஆயினும் அந்நீரை மீன்வளத்துக்காக ஆற்றிலேயே ஓடவிட முனைந்தபோது, 1992இல் மாநில நீதிமன்றம் தடுத்துவிட்டது!

நம் மலைக்குடிகளிடம் அத்தகைய ஏடும் இல்லை. ஜாகிர் உரிமை தலைவருக்கு உரியது. கொத்திப் பயிரிட்டவனுக்கு வழக்கமே பட்டா. 1976 ஜூன் 25ஆம் நாள் அரசு ஜாகிர்களை ஏற்றது. அவ்வாண்டு ஜனவரி முதல் தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி. கேள்வி எழுப்பச் சட்டமன்றமே இல்லை. தலைவரின் உரிமை நீங்கியது. குடியின் உரிமை தானாக எழுதப்படவில்லை. நெடுநாள் உழுத நிலம் வன எல்லைக்குள் அடங்க, உழுதவர் பலர் ஆக்கிரமிப்பாளராக எண்ணப்பட்டனர். அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பகுதியும் தமிழ்நாட்டில் இல்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வேறொரு வழியைத் திறந்தது. அதன் விதிகளின்படி கிணறும், இடுகாடும், வழிபாட்டிடமும் சான்றுகளாம். கிராம சபையின்முன் முதியவர் தம் நினைவிலிருந்து சொல்லும் சொல்லையும் எழுத்தாக்கி ஏற்கவேண்டும்.