இசைவளித்த தாய்

மைந்தனைக் களத்துக்கு விடுக்கும் மறக்குடித் தாயைப் புறநானூற்றில் கண்டு பழகியவர்கள் நாம். துறை வகுத்தோர் அவளுக்குரியதாகப் பெருமிதத்தை வைத்தனர். அவ்வாறு விடுத்த தாய் ஒருவர், தம் நெஞ்சின் நிலையைத் தாமே நாட்குறிப்பில் பதித்த வரலாறு ஜெர்மனியில் உண்டு. அவர் ஓவியரும் சிற்பியுமான கேத்தே கோல்விட்ஸ்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டபோது அவருடைய இளைய மகன் பீட்டருக்கு வயது 18. தானே விரும்பிப் படையில் சேரத் துடித்தான். உரிய வயது நிரம்பாமையால் தந்தையின் இசைவு வேண்டியிருந்தது. பெர்லினில் ஏழைத் தொழிலாளருக்கு மருத்துவம் பார்த்துவந்த தந்தை கார்ல் உறுதியாக மறுத்தார். மகன் தாயை இரந்து நோக்கினான். தாய் எழுந்து கணவரிடம் அவனுக்காக மன்றாடினார். இசைவு கிடைத்தது. அக்டோபரில் பெல்ஜியப் போர்முனைக்குச் சென்றவன், சில நாட்களுக்குள்ளேயே வீழ்ந்தான்.

மகனை இழந்த தாயர் அக்காலத்தில் எண்ணிலர். கேத்தேயின் துயரம் வேறானது. தடுத்த கையை விலக்கியவர் அவரே அல்லவா? அவ்வாண்டின் இறுதியிலேயே நினைவுச் சின்னம் ஒன்றை அமைக்க எண்ணினார். கிடக்கும் மகன், தலைமாட்டில் தந்தை, கால்மாட்டில் தாய் என்பது முதல் திட்டம். அது உருப்பெறவில்லை, 1919இல் கைவிட்டார். போரைப் பித்தென்று சொன்னால் மகனுக்கு இரண்டகம் செய்ததாகுமோ என்னும் அச்சம் அவருடைய நாட்குறிப்பில் காணப்படுகிறது. கல் இணங்காமைக்கு இதுவே காரணம் என்பது என் துணிபு.

எனினும் 1918 அக்டோபரில், தோல்வியின் விளிம்பில் நின்ற நாட்டுக்காக மேலும் தொண்டர்படை திரளவேண்டுமெனக் கவிஞர் ரிச்சர்ட் டேமல் அறைகூவியபோது, கேத்தே நாளிதழில் வெளிப்படையாக மறுப்பு எழுதினார். கோதேயின் விதைத்தானிய உவமையை அதில் எடுத்தாண்டார். அழைத்தவர் கவிஞர், தடுத்தவர் தாய். பாவலர் நிறைந்த நம் வட்டம் இவ்விடத்தில் சற்று நின்று செல்லலாம்.

பின்னர் மீண்டும் உளியெடுத்தார். 1932இல் பெல்ஜியத்தில் மகன் துயின்ற மயானத்தில் கருங்கற் சிற்பங்கள் நிறுவப்பெற்றன. அவற்றுள் மகன் இல்லை. தனித்தனிப் பீடங்களில் இருவர் மண்டியிட்டுள்ளனர்: கைகளால் தம்மையே இறுக்கி நிமிர்ந்திருக்கும் தந்தை, தலை கவிழ்ந்த தாய். முகச்சாயல் கார்லுடையது, கேத்தேயுடையது. 1950களில் கல்லறைகளுடன் அவையும் விளாட்ஸ்லோ மயானத்துக்கு மாற்றப்பட்டன.

சிறுவரைத் தன் மேலாடைக்குள் அடக்கிக் காக்கும் முதியவள் ஒருத்தியை அவர் இரண்டாம் உலகப்போரின் நடுவே கல்லச்சில் தீட்டினார். பெயர், அந்த விதைத்தானிய வாசகமே. 1942இல், மகனின் பெயரைச் சுமந்த பேரன் பீட்டர் ரஷ்யப் போர்முனையில் மடிந்தான்.